கடமைக்குக் கூலியா?

மழைக்கு மாளிகை தெரியாது, மண்குடிசை தெரியாது. இரண்டின் மீதும் ஒன்றுபோலவே பொழிகிறது. பேதம், பெய்யும்போது இல்லை. பெய்து முடிந்த பிறகே பிறக்கிறது. மாடி வீட்டின் மீது விழுந்த மழை, குழாய் வழியே இறங்கித் தொட்டியிலே தங்கிக் கோடையிலே கைகொடுக்கிறது. குடிசையின் மீது விழுந்த மழையோ, கீற்றைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்து, அடுப்பை அணைத்து, பாயை நனைத்து, தெருவிலே ஓடிச் சாக்கடையிலே சேருகிறது. ஒரே வானம், ஒரே மழை — ஒருவருக்கு வரவு, மற்றவருக்கு வதை!

இந்த மழைநீரைப் பற்றி ஒரு கேள்வி இன்று பல நாடுகளின் ஆட்சி மன்றங்களிலே எழுந்திருக்கிறது. வீட்டுக் கூரையில் விழும் நீரைச் சேமிப்பவருக்கும், வீட்டிலே நீரைச் சிக்கனமாகச் செலவிடுபவருக்கும் சர்க்கார் சன்மானம் தரலாமா? வரியிலே தள்ளுபடி, தொட்டி கட்ட மானியம், சிக்கனக் குழாய் வாங்கப் பணம் — இப்படி ஏதேனும் ஊக்கத்தொகை தந்து மக்களை நல்வழிப்படுத்தலாமா? அல்லது, 'செய்யாவிட்டால் தண்டம்' என்று சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதுதான் முறையா?

கேட்பதற்கு இது குழாயும் குழியும் பற்றிய பேச்சாகத் தோன்றும். பொறியாளரிடம் விட்டுவிட வேண்டிய விஷயம் என்றுகூடச் சிலர் கருதக்கூடும். ஆனால் இதன் அடியிலே கிடப்பது, அறத்தைப் பற்றிய பழம்பெரும் கேள்வி. மனிதன் நல்லதைச் செய்வது எதனால்? ஆசையாலா, அச்சத்தாலா, அறிவாலா? பகுத்தறிவுப் பாதையிலே நடைபோடும் நாம் இந்தக் கேள்விக்கு முகங்கொடுத்தே ஆக வேண்டும்.

முதலிலே கணக்கைப் பார்ப்போம். கணக்கறியாத அறவுரை காற்றோடு போகும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு லிட்டர் நீர். சென்னையிலே ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1,300 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் மாடி ஒன்றின் மீது ஓராண்டில் விழுவது 1,30,000 லிட்டர். சிதறியும் ஆவியாகியும் ஐந்திலொரு பங்கு போய்விட்டாலும், ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் மிச்சம். பெருநகரிலே ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வகுக்கப்பட்டுள்ள அளவு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு 540 லிட்டர். ஆக, அந்த ஒரு மாடி தரும் நீர் அந்தக் குடும்பத்துக்கு ஆறு மாதம் வரும்! அதே மாடியின் கீழே அடுக்கடுக்காகப் பத்துக் குடும்பங்கள் வாழ்ந்தால், அவரவர் பங்கு மூன்று வாரத்துக்குக்கூட எட்டாது. 20 சதுர மீட்டர் குடிசைக்காரர் நீர் சேர்க்கத்தக்க கூரை போட்டிருந்தாலும், அவருக்குக் கிடைப்பது ஐந்தரை வாரத் தண்ணீர்தான். இந்த வேறுபாட்டை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது பேசும்.

இவ்வளவு மழை பெறும் நகரம்தான் 2019-ம் ஆண்டுக் கோடையிலே காய்ந்து கிடந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் — ஏறத்தாழ 11 டி.எம்.சி. கொள்ளத்தக்க நான்கு ஏரிகளிலும் சேர்ந்து நூற்றில் ஒரு பங்கு நீர்கூட இல்லை. அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து, 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்து, ரயிலிலே தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 50 வாகன்கள். 25 லட்சம் லிட்டர். குறைத்துக் குறைத்து நகருக்கு அப்போது வழங்கப்பட்ட நீரே நாளொன்றுக்கு 50 கோடி லிட்டருக்கு மேல்! இத்தனை பாடுபட்டு வந்த ரயில் கொண்டுவந்தது, அதிலே இருநூறில் ஒரு பங்கு.

இதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன்பு, 2015 டிசம்பரில், தாம்பரத்திலே ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீதிகளிலே படகு விட்டோம். அன்று வந்தாரை வாழவைக்க வழியின்றிக் கடலுக்கு வழியனுப்பினோம். 2019-லோ, அறநிலையத் துறையின்கீழ் உள்ள கோயில்களிலே மழை வேண்டி வேள்வியும் வருண ஜெபமும் நடத்தினோம்! வந்த மழையை வைத்துக்கொள்ளத் தெரியாதவர், வராத மழைக்குத் தீ வளர்த்த கதை இது.

வேள்வியைப் பற்றிப் பேசும்போதே ஓர் உண்மை விளங்கும். ஆசை காட்டுவதும் அச்சமூட்டுவதும் இன்றைய சர்க்கார் கண்டுபிடித்த முறைகளல்ல. குளம் வெட்டினால் புண்ணியம். அதன் பயன் மோட்சம். குளத்துக்கென விட்ட நிலத்தை அபகரித்தால் பாவம். அதன் விளைவு நரகம். கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவம் வந்து சேரும் என்று கல்லிலே வெட்டி வைத்தனர். மேல் உலகத்திலே மானியம், கீழ் உலகத்திலே தண்டம்! இரண்டையும் கண்டவர் இல்லை. எனினும் இரண்டையும் நம்பினர். நம்பியவர் குளம் வெட்டியதும் உண்டு. ஆனால் நம்பிக்கை தளர்ந்த அன்றே குளமும் தூர்ந்தது. ஏன் வெட்டினோம் என்பதற்கு அவரிடம் இருந்த விடை, தண்ணீரைப் பற்றியதாக இல்லாமல் தன் மறுமையைப் பற்றியதாக இருந்ததுதான் காரணம்.

இந்தப் பேரத்தைத் தமிழ் நெஞ்சம் அன்றே அடையாளம் கண்டிருக்கிறது. ஆய் என்னும் வள்ளலைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், இங்கே கொடுத்து அங்கே பெறலாம் என்று கணக்குப் போடும் வாணிகன் அல்லன் இவன் என்பதையே அவனுடைய பெருமையாகப் புறநானூற்றிலே பாடினார். கொடுப்பதைப் போற்றினார், கொடுத்து வாங்குவதைப் போற்றவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு நாம் அந்தப் பேரத்தை மாநகராட்சி ரசீதிலே மீண்டும் எழுதலாமா என்பதுதான் கேள்வி.

நடைமுறை அறிந்த நண்பர் இங்கே குறுக்கிடுவார். "இதெல்லாம் ஏட்டிலே இனிக்கும், வீட்டிலே பலிக்குமா? மனிதன் மனிதன்தான். பணம் கிடைத்தால் குழி வெட்டுவான், கிடைக்காவிட்டால் வெட்டமாட்டான். குழி வேண்டுமா, குணம் வேண்டுமா? தண்ணீர் பூமிக்குள்ளே இறங்கினால் போதாதா? இறக்கியவன் மனத்திலே என்ன இருந்தது என்று நிலத்தடி நீர் விசாரித்துக்கொண்டா இருக்கிறது?" என்று கேட்பார்.

நல்ல கேள்வி. எள்ளி நகையாடி ஒதுக்கத்தக்க கேள்வியன்று. நிலத்தடி நீர் விசாரிப்பதில்லை என்பது உண்மை. ஆனால், வெட்டிய குழியை அடுத்த ஆண்டும் தூர் வாருவது யார்? அதற்கடுத்த ஆண்டு? மனத்திலே இருந்தது என்ன என்பதை நிலத்தடி நீர் விசாரிக்காது, காலம் விசாரிக்கும்! மழைநீர்க் குழி, ஒருமுறை வெட்டி மறந்துவிடத்தக்க பொருளன்று. மாடியைப் பெருக்க வேண்டும். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட வேண்டும். கூழாங்கல்லையும் மணலையும் அள்ளிக் கழுவி மீண்டும் இட வேண்டும். காரணம் அறிந்தவன் செய்வான். ரசீதுக்காகக் கட்டியவன் ரசீது வந்தவுடன் மறப்பான்.

விலை வைத்தால் செயலின் தன்மையே மாறிவிடும் என்பதற்கு வெறும் வாதம் மட்டுமல்ல, சோதனையும் உண்டு. இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகரின் குழந்தைகள் காப்பகங்களிலே இரு பொருளாதார அறிஞர்கள் நடத்திய ஆய்வு 2000-ம் ஆண்டு வெளிவந்தது. மாலையில் பிள்ளையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சிறு அபராதம் விதித்துப் பார்த்தனர். தாமதம் குறையும் என்றுதானே நினைப்போம்? ஏறத்தாழ இருமடங்காகிவிட்டது! அதுவரை, 'ஆசிரியை நமக்காகக் காத்திருக்கிறாரே' என்ற கூச்சம் இருந்தது. அபராதம் வந்ததும் கூச்சம் போயிற்று. காத்திருப்பது காசு கொடுத்து வாங்கும் சரக்காயிற்று. பிறகு அபராதத்தை நீக்கிய போதும் போன கூச்சம் திரும்பவில்லை. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1970-ல், பிரிட்டனின் ரிச்சர்ட் டிட்மஸ் என்னும் சமூகவியல் அறிஞர் இரத்த தானத்தை ஆராய்ந்து, விலை கொடுத்து இரத்தம் வாங்கும் முறை, விலையின்றித் தரும் உள்ளத்தை அரித்துவிடும் என்று வாதிட்டார்.

நமக்குப் பக்கத்திலேயே சான்று வேண்டுமா? பெங்களூரில் 2009-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளிலே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பின்னர், செய்யாத வீட்டாருக்குத் தண்ணீர்க் கட்டணத்தோடு கூடுதல் தண்டம் சேர்க்கப்பட்டது. முதல் சில மாதங்களுக்குக் கட்டணத்தில் கால் பங்கு, அதன் பின்னர் அரைப் பங்கு. விளைவு? பல்லாயிரம் வீட்டார் மாதந்தோறும் தண்டத்தைக் கட்டிவிட்டு, குழி வெட்டாமலே நிம்மதியாக இருந்தனர். தண்டம், தவற்றைத் தடுக்கும் வேலி என்று வைக்கப்பட்டது. அதுவோ, தவறு செய்ய வாங்கும் அனுமதிச் சீட்டாகிவிட்டது! பணம் படைத்தவனுக்குத் தண்டமும் ஒரு விலைதான். விலை என்றால் அவன் கொடுப்பான்.

தமிழ்நாடு வேறு வழியிலே சென்றது. 2003-ம் ஆண்டு அவசரச் சட்டம் பிறந்தது. எல்லாக் கட்டடங்களிலும், பழையன புதியன என்ற வேறுபாடின்றி, மழைநீர் சேகரிப்பு கட்டாயம். சில மாதங்களே கெடு. செய்யாவிட்டால் குடிநீர் இணைப்புத் துண்டிக்கப்படும். நகரமெங்கும் கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் ஓய்வில்லை. சட்டத்தை நாம் குறைகூற மாட்டோம். மழைநீரை வீட்டு வாயிலிலே நிறுத்திப் பேச வைத்தது அந்தச் சட்டம். மண்ணுக்கு ஏற்ப முறையாக வெட்டியவர்கள், அடுத்து வந்த நல்ல மழையிலே கிணறு ஊறுவதைக் கண்டனர். கடலோரத்திலே உவர்ப்புக் குறைவதையும் கண்டனர்.

ஆனால் அச்சத்திலே வெட்டிய குழிகளும் இருந்தன. கடற்கரை மணலிலே நீர் கடகடவென்று இறங்கும், களிமண்ணிலே தேங்கும், பாறையிலே வழுக்கியோடும். மண்ணுக்கு மண் குழியின் ஆழமும் அமைப்பும் மாற வேண்டும். அதை விளக்கிச் சொல்லவும், கேட்டுப் புரிந்துகொள்ளவும் கெடு இடம் தரவில்லை. மாடியிலிருந்து ஒரு குழாயை இறக்கி, மண்ணிலே ஒரு முழம் புதைத்துவிட்டு, அதிகாரி வந்தால் காட்ட ஆயத்தமாக நின்றவர் பலர். அதிகாரி வந்து போனார், குழாய் நின்றது, நீர் மட்டும் சாக்கடைக்கே போயிற்று. 2003-ல் வெட்டியவற்றிலே எத்தனை இன்று தூர்ந்து கிடக்கின்றன என்பதை அறிய ஆணையம் வேண்டாம். நம் தெருவிலே நடந்து பார்த்தால் போதும்.

ஆசை ஒரு பக்கம் தோற்கிறது, அச்சம் மறுபக்கம் தோற்கிறது. அப்படியானால் சர்க்கார் கைகட்டி நிற்பதா? மானியமே கூடாதென்பதா நம் கட்சி? அல்ல. அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வருபவர் நம் வரலாற்றையே மறந்தவராவார்.

1920-ம் ஆண்டு. சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் சர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க வழி செய்யப்பட்டது. பின்னர் 1956-ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவியது. படிப்பது பிள்ளையின் நன்மைக்குத்தானே. அதற்கு எதற்குச் சோறு போட வேண்டும், இது லஞ்சமல்லவா என்று எவரேனும் கேட்டிருந்தால், நாம் என்ன விடை சொல்லியிருப்போம்? பிள்ளை பள்ளிக்கு வராததற்குக் காரணம் மனமில்லாமை அன்று, வயிறு. பசி என்னும் தடையை அகற்றினோம். பிள்ளை தானே நடந்து வந்தான். அங்கே சோறு கல்விக்குக் கொடுத்த விலையன்று. கல்விக்குக் குறுக்கே நின்ற கல்லைப் புரட்டிய கை!

தோழர்களே! நாம் சொல்ல வந்ததன் உயிர்நாடி இதுதான். உதவி வேறு, கூலி வேறு. இயலாதவனுக்கு வழியைத் திறந்துவிடுவது உதவி. இயன்றவனுக்கு, அவன் செய்ய வேண்டியதைச் செய்ததற்காகக் காசு கொடுப்பது கூலி. உதவி, கடமையைக் காப்பாற்றுகிறது. கூலி, கடமையைக் கடையிலே வைத்து விற்கிறது. 'இதற்குப் பணம் தருகிறோம்' என்று சர்க்கார் ஒருவனிடம் சொல்லும்போது, சொல்லாமல் சொல்லுகிற இன்னொரு செய்தியும் உண்டு: 'இது நீ செய்தே தீர வேண்டியது அல்ல!'

இந்த அளவுகோலை வைத்து மானியங்களைப் பார்ப்போம். அமெரிக்காவின் டூசான், பாலைநிலத்து நகரம். அங்கே 2012 முதல் மழைநீர்த் தொட்டி அமைப்பவருக்கு 2,000 டாலர் வரை திருப்பித் தரப்பட்டது. நிதி எங்கிருந்து? குடிநீர் வாங்கும் எல்லோருடைய கட்டணத்திலும் சேர்த்து வசூலித்த தொகையிலிருந்து. முதலில் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிவிட வேண்டும். பிறகுதான் திரும்பக் கிடைக்கும். கைப்பணம் யாரிடம் இருக்கும்? எல்லோரும் கொடுத்தனர், வசதி படைத்தோர் பெற்றனர். பிழையை உணர்ந்து, வருவாய் குறைந்தோருக்குக் கடனும் கொடையும் தரும் தனித்திட்டத்தைப் பின்னர் வகுக்க வேண்டியதாயிற்று.

இந்தியாவிலும் சில மாநகராட்சிகள், மழைநீர் சேமிக்கும் வீட்டுக்குச் சொத்துவரியிலே சில விழுக்காடு தள்ளுபடி தருகின்றன. சொத்துவரி கட்டுபவர் யார்? சொத்துடையவர். பெரிய வீட்டுக்குப் பெரிய வரி. பெரிய வரிக்குப் பெரிய தள்ளுபடி. வாடகை வீட்டிலே ஒண்டியிருப்பவருக்கு என்ன? மாடி அவருடையதன்று, குழி வெட்ட உரிமையுமில்லை. புறம்போக்கிலே குடிசை போட்டவருக்கு என்ன? அவர் கூரைக்கு வரியுமில்லை, தள்ளுபடியுமில்லை. ஆனால் அவர் வாங்கும் சோப்பிலும் தீப்பெட்டியிலும் வரி இருக்கிறது. அந்த வரியும் சேர்ந்ததுதான் கஜானா. ஓலைக் கூரை கொடுத்த வரியிலே மாடிக் கூரைக்கு மானியம்! லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசை வைத்துக் காத்து நிற்கும் தாய், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் மாளிகையின் தொட்டிக்குப் பங்குப்பணம் கட்டுகிறாள். இதற்குப் பெயர் ஊக்கமா?

இன்னும் ஒன்று. நிலத்தடி நீர் யாருடையது? 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்தின் எல்லைக்குள்ளே, நிலத்தின் அடியில் உள்ள நீரைத் திரட்டிக்கொள்ளும் உரிமையை நில உடைமையாளருக்குத் தந்தது. அந்தக் காலத்திலே கவலை ஏற்றமும் கைராட்டினமும்தான். இன்று நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குத் துளை போட்டு மோட்டாரைப் பொருத்தி இறைக்கிறோம். நீருக்கு வேலி ஏது? நம் குழாய் இழுக்கும்போது பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்தே இறங்குகிறது. கடலோரத்திலே அளவுக்கு மீறி இழுத்தால், கடலே உள்ளே வருகிறது.

இப்படி இழுப்பவரைக் கேளுங்கள்: "என் மனை, என் கிணறு, என் தண்ணீர்" என்பார். அவரையே, மழைநீரைத் திரும்ப உள்ளே விடுங்கள் என்று கேளுங்கள்: "அது பொதுத்தொண்டாயிற்றே! சர்க்கார் என்ன தரும்?" என்பார். எடுக்கும்போது தனியுடைமை, நிரப்பும்போது பொதுநலத் தொண்டு! எவ்வளவு வசதியான தத்துவம்! பொதுப் பானையிலிருந்து முகந்தவன், அதிலே திரும்ப ஊற்றும்போது கூலி கேட்பதற்கு நியாயம் ஏது? அது கடன் தீர்ப்பது. கடன் தீர்த்ததற்குப் பரிசு தரும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

பெர்லின் நகரிலே இந்த நியாயத்தைக் கட்டண முறையாகவே ஆக்கியிருக்கிறார்கள். 2000-ம் ஆண்டு முதல், குடிநீருக்கும் கழிவுநீருக்கும் வாங்குவதோடு, மழைநீருக்கும் தனிக் கட்டணம் உண்டு. கூரையாலும் சிமெண்டுத் தளத்தாலும் மூடிய பரப்பிலிருந்து எவ்வளவு மழைநீர் நகரின் சாக்கடைக்குள்ளே தள்ளப்படுகிறதோ, அந்தப் பரப்பை அளந்து சதுர மீட்டர் கணக்கிலே வாங்குகிறார்கள். நீரை மண்ணுக்குள் இறக்குபவருக்குக் கட்டணம் குறைகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அதுவும் சலுகைதான். ஆனால் அதன் உட்பொருள் வேறு. நல்லவனுக்குப் பரிசு என்று அது சொல்லவில்லை. ஊர் தலையிலே பாரத்தை ஏற்றியவன் அந்தப் பாரத்தின் செலவைத் தரட்டும் என்கிறது. பெரிய கூரை, பெரிய பொறுப்பு. அறத்தின் தராசிலே இது நேராக நிற்கிறது.

"அந்தக் காலத்திலே மானியமா இருந்தது? ஊரே கூடிக் குடிமராமத்துச் செய்து ஏரியைக் காத்ததே!" என்று பெருமூச்செறிபவர்களும் உண்டு. அவர்களிடமும் எச்சரிக்கையாக இருப்போம். ஊர் கூடியது உண்மை. உழைப்பு ஊரின் நீரைக் காத்ததும் உண்மை. ஆனால் எவர் மண் சுமந்தனர், எவர் நீர் பெற்றனர்? 1858-ல் சென்னை மாகாணத்திலே கட்டாய உழைப்புச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. கூலியில்லா உழைப்பை நிலமில்லாதவன் தலையிலே சுமத்தி, விளைச்சலை நிலமுள்ளவன் களத்திலே சேர்த்தது பல ஊர்களின் வழக்கம். கரையை உயர்த்தியவனையே கரையேறி நீர் மொள்ளவிடாத சாதிச் சட்டமும் இருந்தது. பொதுக் குளத்திலே ஒரு கை நீர் அள்ளும் உரிமைக்காக 1927-ல் மகாட் நகரிலே அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி நடக்க நேர்ந்தது அல்லவா? ஆகவே, கூலியின்றிக் கடமை என்று நாம் சொல்லும்போது, ஏழையின் வெற்றுழைப்பைக் கடமை என்று அழைக்கும் பழைய தந்திரத்தை நாம் ஏற்கவில்லை. பங்கு பெறுபவனுக்கே கடமை. பங்கு மறுக்கப்பட்டவனுக்கு முதலில் உரிமை!

ஆசையும் வேண்டாம், அச்சமும் போதாது என்றால், மக்களை இயக்குவது எது? அறிவும், ஒருவரை ஒருவர் நம்பும் துணிவும்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரமும் அதைச் சூழ்ந்த பகுதியும் கொடிய வறட்சியிலே சிக்கின. 2007-ல் ஆளுக்கு நாளொன்றுக்கு 140 லிட்டர் என்று இலக்கு வைத்தனர். தொட்டிக்கு மானியமும் இருந்தது, நீர்ப் பயனுக்குக் கட்டுப்பாடும் இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றோடு அணையிலே மீதமுள்ள நீரின் அளவும், நகரம் செலவிட்ட நீரின் அளவும் மக்கள் முன் விடாமல் வைக்கப்பட்டன. நான்கு நிமிடத்தில் குளித்து முடிக்க மணற்கடிகாரம் வீட்டுக்கு வீடு சென்றது. மக்கள் இலக்குக்கும் கீழே இறங்கிக் காட்டினர். மழை திரும்பிய பின்னரும், வறட்சிக்கு முன்பிருந்த ஊதாரித்தனத்துக்கு அவர்கள் உடனே திரும்பிவிடவில்லை. மானியம் நின்றது, பழக்கம் நின்று நிலைத்தது!

எலினார் ஆஸ்ட்ரம் என்னும் அம்மையார், லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே அளவின்றி இறைத்ததால் உப்புநீர் புகுந்த நிலத்தடி நீர்ப்படுகை ஒன்றை 1960-களிலே ஆராய்ந்தார். அங்கே நீர் எடுத்தவர்களே கூடிப் பேசி, எவர் எவ்வளவு எடுக்கிறார் என்பதை வெளிப்படையாக அளந்து, தமக்குள் விதி வகுத்துக்கொண்டதைக் கண்டார். பொதுச்சொத்தைக் காக்க மேலிருந்து வரும் ஆணையோ, சந்தையின் விலையோ மட்டும்தான் வழி என்பது தவறு. பயன்படுத்துவோர் ஒன்றுகூடி ஆளவும் முடியும் என்பதை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து நிறுவினார். 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண்மணி அவர். மற்றவனும் செய்கிறான் என்று தெரிந்தால் மனிதன் தானும் செய்கிறான். தான் மட்டும் ஏமாளியாகிவிடுவோமோ என்ற ஐயமே அவன் கையைக் கட்டுகிறது. அந்த ஐயத்தை அகற்றுவது பணமன்று, வெளிப்படையான கணக்கு.

கணக்கைக் கேட்கும் சர்க்கார், தன் கணக்கையும் காட்ட வேண்டும். வீட்டுக் குழாயின் சொட்டை எண்ணுவோர், வீதிக்கு அடியிலே உடைந்த பெருங்குழாயின் ஒழுக்கையும் எண்ணட்டும். சர்க்கார் கட்டடங்களின் மாடிகளிலே விழும் மழை எங்கே போகிறது என்று பலகை எழுதி வாயிலிலே மாட்டட்டும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், 2022-ல் உலகச் சிறப்புடைய ராம்சர் நிலமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே அதன் பெரும்பகுதி கட்டடங்களாகவும் குப்பை மேடாகவும் மாறிவிட்டது. மழையைத் தாங்க இயற்கை வைத்த பெருந்தொட்டியை இழந்துவிட்டு, வீட்டுக்கு வீடு சிறு தொட்டி வைக்கச் சொல்வோருக்கு, அதைச் சொல்லும் உரிமை பாதிதான் உண்டு. மீதிப் பாதியை ஏரிகளை மீட்டுத்தான் பெற வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவை. வசதியுள்ளவன் மாடிக்குப் பரிசு வேண்டாம். பரப்புக்கு ஏற்ற பொறுப்பை அவன் ஏற்கட்டும். தண்டம் விதித்தால், அதைக் கட்டிவிட்டுத் தப்பும் வழி இல்லாதிருக்கட்டும். மாநகராட்சியே குழியை வெட்டிச் செலவை வசூலிக்கட்டும். மானியம் முழுவதும் ஏழைக் குடும்பத்துக்கும், வாடகைக் குடியிருப்புக்கும், சேரியின் பொதுத் தொட்டிக்கும் போகட்டும். அதுவும் செலவு செய்த பிறகு திருப்பித் தருவதாக இல்லாமல், முன்கூட்டியே போகட்டும். தெருவுக்குத் தெரு கிணற்று மட்டத்தை அளந்து, எல்லோரும் காண எழுதி வைக்கட்டும்.

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியிலே வருகிறது. அதற்கு முன், மன்றங்களிலே கூடும் இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கட்டும். தம் தெருவின் குழிகளைத் திறந்து பார்த்து, தூர்ந்தவற்றைக் குறித்து, வீட்டாரோடு சேர்ந்து தூர் வாரட்டும். மாடியின் நீள அகலத்தை அளந்து, 'இத்தனை லிட்டர் உங்கள் மாடியிலிருந்து ஓடுகிறது' என்று அந்த வீட்டாருக்கே கணக்கிட்டுக் காட்டட்டும். புண்ணியத்தைப் பற்றிப் பேச வேண்டாம். தள்ளுபடியைப் பற்றியும் பேச வேண்டாம். மழை எங்கே போகிறது, கிணறு ஏன் வற்றுகிறது, பக்கத்துத் தெருவிலே குடத்தோடு நிற்பவர் யார் — இவ்வளவையும் சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால் தமிழன் கேட்பான் என்ற நம்பிக்கையிலே பிறந்ததுதான் பகுத்தறிவு இயக்கம்.

மோட்சத்துக்காகக் குளம் வெட்டிய காலம் போயிற்று. மானியத்துக்காகக் குழி வெட்டும் காலம் வந்திருக்கிறது. தண்ணீருக்காகவும், அதைக் குடிக்கும் மனிதனுக்காகவும் வெட்டும் காலத்தை நாம் உண்டாக்குவோம்!